நம்பர் கொடுக்காத அக்கா

"மெம்பர் கார்டு இருக்கா? போன் நம்பர் சொல்லுங்க."

ஈப்போவில் ஒரு மருந்துக் கடையின் கல்லாவில் நின்றிருந்த காலத்தில் இந்த வாக்கியத்தை நான் எவ்வளவு தடவை சொல்லியிருப்பேன் என்று கணக்கே கிடையாது. மலாயில் சொல்வேன், தமிழில் சொல்வேன், சீனப் பாட்டிகளிடம் அரைகுறைக் கண்டனீஸிலும் சொல்வேன். மாலையாகிவிட்டால் வாய் அதுபாட்டுக்குச் சொல்லும். நினைப்பெல்லாம் குதிகால் வலியில் இருக்கும். ஆட்கள் பெரும்பாலும் சொல்லிவிடுவார்கள். ஒரு பாக்கெட் பஞ்சுக்கும் ஒரு பாட்டில் இருமல் மருந்துக்கும் நம்பரைச் சொல்வார்கள், பிறந்த நாளைச் சொல்வார்கள், கேட்டால் வீட்டு விலாசத்தையும் சொல்வார்கள்.

அந்த அக்கா மட்டும் சொல்லமாட்டார்.

"இல்ல லா."

"இலவசம்தான் அக்கா. பாயிண்ட் சேரும்."

"வேணாம்மா. தைலத்துக்குக் காசு குடுத்துட்டேன்ல? காசும் குடுத்து நம்பரும் குடுக்கணுமா?"

கோபமாகச் சொல்வதில்லை. பல தடவை சொல்லி அலுத்துப்போன குரல். என் குரலும் அதே மாதிரிதான் இருந்திருக்கும். இரண்டு அலுத்துப்போன பெண்கள் கல்லாவுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று, வாரம் ஒருமுறை இதே பேச்சைப் பேசிக்கொண்டிருந்தோம்.

ஒருநாள் அவர் வரிசையில் நின்றபோது கடையில் சின்ன ரகளை. முதல் நாள் வந்துபோன ஒரு பெண் திரும்ப வந்து மேனேஜரிடம் சத்தம் போட்டுக்கொண்டிருந்தாள். கல்லாவில் அவள் நம்பரைச் சொன்னதைப் பின்னால் நின்ற எவனோ கேட்டுவைத்துக்கொண்டு, அன்று மாலையே அவளுக்குக் கண்டபடி செய்தி அனுப்பியிருக்கிறான். மேனேஜர் மன்னிப்புக் கேட்டு ஒரு தள்ளுபடிச் சீட்டைக் கொடுத்தார். அந்தப் பெண் அதை வாங்காமல் போய்விட்டாள். அக்கா தைலத்தைக் கல்லாவில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"கேக்குறது உன் வேல. கேளு. ஆனா சத்தமா கேக்காத, சத்தமா சொல்ல வைக்காத. பின்னால நிக்கிறவனுக்கும் காது இருக்கு."

அடுத்த நாளிலிருந்து எண் தட்டும் சின்னப் பலகையை வாங்க வருபவர்கள் பக்கமாகத் திருப்பி வைத்தேன். அவர்களே தட்டிக்கொள்ளட்டும். மேனேஜர் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

நாங்கள் ஒரே அடுக்குமாடியில்தான் குடியிருக்கிறோம் என்பது இதற்குப் பிறகுதான் தெரிந்தது. லிஃப்டு பழுதான ஒரு சாயங்காலம் அரிசிப் பையோடு மூன்றாம் மாடியில் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றேன். பின்னால் ஏறி வந்தவர் பையின் ஒரு முனையைப் பிடித்தார். பார்த்தால் அந்த அக்கா. எந்த வீடு என்று அவர் கேட்கவில்லை. "எங்க எறக்கணுமோ அங்க சொல்லு, நான் போறேன்" என்றார். இறக்கிய பிறகு பார்த்தால் அவர் வீடு எங்கள் வீட்டிலிருந்து இரண்டு கதவு தள்ளி.

ஐம்பது வயதிருக்கும். ஒல்லியான உடம்பு. ஒரு ஹோட்டலில் துணி வெளுக்கும் பிரிவில் வேலை. நாள் முழுக்கப் படுக்கை விரிப்பு மடிப்பார். வந்து தங்குபவர் யார் கண்ணிலும் படாத வேலை என்பதால் அது தனக்குப் பிடிக்கும் என்று சொன்னார். ஒரே மகள், தஞ்சோங் மாலிமில் ஆசிரியர் படிப்பு. பேச்சில் அவளைப் 'பாப்பா' என்பார். பெயரைச் சொன்னதில்லை.

பொட்டலங்களுக்கு அவர் கொடுத்திருந்தது ஒரு சீனப் பெயர். வீட்டுக்குக் கொண்டுவரும் பையன் கீழே நின்று "மிஸ் லிம்! மிஸ் லிம்!" என்று கூவுவான். அக்கா நைட்டிக்கு மேல் துண்டைப் போட்டுக்கொண்டு இறங்கிப் போவார். பையன் அவரைப் பார்ப்பான், பொட்டலத்தைப் பார்ப்பான், மறுபடி அவரைப் பார்ப்பான். "நான்தான் லா மிஸ் லிம்" என்று வாங்கிக்கொள்வார். மேலே கொண்டுவந்ததும் முதல் வேலை, விலாசம் ஒட்டியிருக்கும் தாளை ஈரத் துணியால் ஊறவைத்து உரித்து, கிழித்து, மீன் கழிவோடு சேர்த்துக் குப்பையில் போடுவது. "யாராச்சும் பொறுக்கி எடுக்கணும்னா கொஞ்சம் நாறட்டும்" என்பார்.

ஐசி, அதாவது அடையாள அட்டை, நகல் கொடுக்க வேண்டி வந்தால் அதன் மேல் குறுக்கே இரண்டு கோடு போட்டு எதற்காகக் கொடுக்கிறோம் என்று எழுதிக் கொடுப்பது எங்கள் ஊரில் பலர் செய்வதுதான். அக்கா போடும் கோடு வேறு மாதிரி. தடித்த மார்க்கர் பேனாவால் போடுவார். ஹோட்டல் ஆபீஸ் பெண் அதைத் திருப்பிக் கொடுத்து, "மூஞ்சியே தெரியலக்கா" என்றாளாம்.

"தெரிய வேணாம்னுதான் லா போட்டேன்" என்று இவர் சொல்லியிருக்கிறார்.

இதெல்லாம் அவருக்குக் கைவந்த கலை என்று நினைத்துவிட வேண்டாம். மாட்டிக்கொண்டதும் உண்டு. ஏதோ ஒரு பில் கட்டும் கணக்கில் பிறந்த நாளைப் பொய்யாகக் கொடுத்திருந்தார். கணக்கு பூட்டிக்கொண்டு, பிறந்த நாளைச் சொன்னால்தான் திறப்பேன் என்றது. எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து நானும் அவரும் ஒவ்வொரு தேதியாகப் போட்டுப் பார்த்தோம். ஒன்றும் பலிக்கவில்லை. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"பொய் சொல்றதும் ஒரு வேலதான் ஸ்டெல்லா. எந்தப் பொய்ய எங்க சொன்னோம்னு ஞாபகம் வெச்சிருக்கணும். உண்மைக்கு அந்த சூசா, அந்தத் தொல்ல இல்ல."

அம்மாவுக்கு அவரைப் பிடிக்கும், ஆனால் சந்தேகமும் உண்டு. "அந்தப் பொம்பள எதையோ மறைக்கிறா. புருசன்கிட்டேருந்து ஓடி வந்தவளோ என்னவோ" என்பாள். அம்மாவின் பிறந்த நாளுக்கு அக்காவை அழைத்தோம். கேக்கை வெட்டி எல்லாரும் படம் எடுக்க நின்றபோது, "நான் புடிக்கிறேன், நீங்க நில்லுங்க" என்று என் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டார். எப்போதும் அப்படித்தான். கிறிஸ்துமஸுக்கும் அப்படித்தான். எங்களிடம் உள்ள எந்தப் படத்திலும் அவர் கிடையாது.

எனக்கும் பொறுக்காமல் ஒருநாள் கேட்டுவிட்டேன். "அப்படி மறைக்க என்னதான் இருக்கு அக்கா?"

"மறைக்க ஒண்ணும் இல்ல லா. குடுக்கவும் ஒண்ணும் இல்ல" என்றார். பிறகு அவராகவே சொன்னார்: "நான் தோட்டத்துல பொறந்தவ. லயத்துல வீடெல்லாம் ஒட்டி ஒட்டி இருக்கும், யாரு வீட்ல என்ன கொழம்பு, யாரு வீட்ல என்ன சண்டைன்னு எல்லாருக்கும் தெரியும். ஆனா தெரிஞ்சவங்க யாருன்னு நமக்கும் தெரியும். மூஞ்சியப் பாத்து சண்ட போடலாம். இப்ப யாருக்குத் தெரியும்னே தெரிய மாட்டேங்குதே."

அது நடந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. அடுக்குமாடியில் எல்லாரும் சேர்ந்து கீழ்த்தளத்தைக் கூட்டிக் கழுவும் நாள். அக்கா கால்வாயோரம் குனிந்து குப்பையை அள்ளிக்கொண்டிருந்தார். எங்களுக்கு மேல் மாடியில் இருந்த ஜெகன், உணவு கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை பார்ப்பவன், போனைத் தூக்கிக்கொண்டு எல்லாரையும் படம் எடுத்தபடி வந்தான். "ஹாய் சொல்லுங்க ஆன்ட்டி!" என்று போனை அக்காவின் முகத்துக்கு நேரே நீட்டினான். அவர் கையால் மறைத்தார். அவன் சிரித்துக்கொண்டே இந்தப் பக்கம் வந்தான். அவர் நிமிர்ந்தார்.

"மூடு! போன மூடுன்னு சொன்னேன்ல!"

அந்தக் குரலை நான் அதுவரை கேட்டதில்லை. கூட்டிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் நின்றுவிட்டார்கள். ஜெகன் போனை இறக்கினான். ஆனால் அவன் முகத்தில் பயம் இல்லை. எதையோ ஞாபகப்படுத்திக்கொள்ளும் முகம்.

அன்று பின்னேரமே எங்கள் அடுக்குமாடி வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு பழைய வீடியோத் துண்டு வந்தது. ஏதோ ஒரு கிளினிக். மருந்து கொடுக்கும் இடத்தின் பலகையைக் கையால் அடித்து ஒரு பெண் கத்துகிறாள்: "வாய மூடு! மூடுன்னு சொன்னேன்ல!" உள்ளே இருக்கும் பெண் பயந்துபோய்ப் பின்வாங்குகிறாள். அவ்வளவுதான், முடிந்துவிடும். அடியில் ஜெகன் எழுதியிருந்தான்: 'நம்ம புளோக் செலிப்ரிட்டி.' சிரிக்கும் பொம்மைகள் வரிசையாக வந்து விழுந்தன. சில வருடங்களுக்கு முன் நாடு முழுக்கச் சுற்றிய படமாம் அது. நான் அப்போதுதான் பார்த்தேன்.

அக்காவின் கதவைத் தட்டினேன். முன்கூடத்தில் பெட்டி திறந்து கிடந்தது. துணிகளை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தார். ஹோட்டல் விரிப்பை மடிப்பது போலவே ஓரத்தோடு ஓரம் சேர்த்து.

"எங்க போறீங்க?"

"தெரியல. பினாங்கு பக்கம் எங்கயாச்சும். எங்க போனாலும் போன் இருக்கும்ல" என்றார். அழவில்லை. நாற்காலியைக் காட்டி என்னை உட்காரச் சொன்னார். பிறகு சொன்னார்.

தெலுக் இந்தான் காலைச் சந்தையில் அவருக்கு ஒரு தோசைக் கடை இருந்தது. மகள் அப்போது இடைநிலைப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஏதோ உடம்புக்கு. என்னவென்று அக்கா என்னிடம் சொல்லவில்லை, நான் கேட்கவும் இல்லை. பள்ளி விட்டதும் சீருடையோடே கிளினிக்குக் கூட்டிப் போயிருக்கிறார். கூடம் நிறைய ஆட்கள். மகளின் பள்ளிப் பையன்கள் இரண்டு பேர் அங்கே உட்கார்ந்திருந்தார்கள். மருந்து கொடுக்கிற பெண் மகளின் பெயரைச் சத்தமாகக் கூப்பிட்டு, என்ன நோய்க்கு என்ன மருந்து என்று அத்தனை பேர் முன்னாலும் படிக்க ஆரம்பித்திருக்கிறாள். இவர் மெதுவாகச் சொல்லச் சொல்லியிருக்கிறார். அவள் காதில் விழாமல் இன்னும் சத்தமாகப் படித்திருக்கிறாள்.

"பாப்பா அப்படியே கூனிப்போச்சு ஸ்டெல்லா. அதப் பாத்ததும் எனக்குக் கண்ணு தெரியல. கத்திட்டேன். கத்த ஆரம்பிச்ச பெறகுதான் யாரோ போன எடுத்திருக்காங்க. முன்னால நடந்தது அதுல இல்ல."

அதற்குப் பிறகு நடந்ததைச் சாவகாசமாகச் சொன்னார், வேறு யாருக்கோ நடந்த மாதிரி. திமிர் பிடித்தவள், ஏழைப் பெண்ணை மிரட்டுகிறவள் என்று ஆளாளுக்கு எழுதினார்கள். கடைப் பலகையில் ஆர்டருக்காகப் பெரிதாக எழுதி வைத்திருந்த போன் நம்பரை யாரோ படத்துக்கு அடியில் போட்டுவிட்டார்கள். போன் ஓயாமல் அடித்தது. எடுத்தால் கெட்ட வார்த்தை. பிறகு ஆட்கள் கடைக்கே வந்தார்கள். தோசைக்கு இல்லை. "அக்கா, அதே மாதிரி ஒருவாட்டி கத்துங்க" என்று போனை நீட்டினார்கள். கடையை மூடினார். ஊரை விட்டார்.

"ஏன் கத்துனேன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே அக்கா?"

"என்னன்னு சொல்றது? எம் பொண்ணுக்கு இந்த நோவு, அத அந்தப் பொண்ணு சத்தமாப் படிச்சா, அதனால கத்துனேன்னா? அதுக்கு அவ படிச்சப்பவே சும்மா நின்னுருக்கலாம்."

அப்போது போன் மணி அடித்தது. மகள். குரூப் விஷயம் எப்படியோ அவள் வரைக்கும் போய்விட்டது. அக்கா போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளியே பிடித்திருந்ததால் எனக்கும் கேட்டது.

"அம்மா, திரும்ப வீடு மாத்தப் போறீங்களா?"

"பாக்கலாம் பாப்பா."

"மாத்தாதீங்க. இந்தவாட்டி நீங்க ஓடுனா, நானே எழுதிப் போட்டுருவேன். அன்னிக்கி என்ன நடந்துச்சு, எனக்கு என்ன நோவுன்னு எல்லாத்தையும். என் பேரப் போட்டே எழுதுவேன்."

"வேணாம் பாப்பா. நாளைக்கு டீச்சரா போய் நிக்கப் போற பிள்ள நீ."

"அப்ப ஓடாதீங்க."

மகள் வைத்துவிட்டாள். அக்கா பெட்டியின் பக்கம் திரும்பினார். பிறகு மடித்ததையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்து அலமாரியில் வைக்க ஆரம்பித்தார்.

"இங்க எத்தன வீடு இருக்கும் ஸ்டெல்லா?"

"ஏன்?"

"போயி அழிக்கச் சொல்லப் போறேன். இங்க இருக்குறவங்க யாருன்னுதான் தெரியுமே. மூஞ்சியப் பாத்துக் கேக்கலாம்."

மறுநாள் வேலை முடிந்து வந்ததும் கிளம்பினோம். கீழ்மாடியிலிருந்து தொடங்கினோம். அவர் ஒவ்வொரு கதவையும் தட்டி, திறந்தவரிடம் ஒரே மாதிரி சொன்னார்: "குரூப்ல வந்த படத்துல இருக்குறது நான்தான். உங்க போன்லேருந்து அதக் கொஞ்சம் அழிச்சிருங்க." மலாய்க்காரர் வீட்டில் அதையே மலாயில் சொன்னார். ஒரு மாக்சிக், வயதான மலாய்க்காரம்மா, அதைத் திறந்தே பார்த்திருக்கவில்லை. அக்காவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு உள்ளே வந்து தேநீர் குடிக்கச் சொன்னார். ஒரு சீனக் கிழவருக்கு எப்படி அழிப்பது என்று தெரியவில்லை; போனை அப்படியே அக்காவிடம் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார். ஒரு தமிழ் வீட்டுக் கதவுக்குப் பின்னாலிருந்து பிள்ளைகள் "வாய மூடு! வாய மூடு!" என்று விளையாடுவது கேட்டது. திறந்த தாய்க்கு முகம் செத்துவிட்டது. அக்கா அந்தச் சத்தம் காதில் விழாதவர் மாதிரி, சொல்ல வேண்டியதைச் சொன்னார். சிலர் அழித்தார்கள். சிலர் "அப்பவே அழிச்சாச்சு" என்று போனைக் காட்டாமலே சொன்னார்கள். அவர் அதற்கும் நன்றி சொன்னார்.

மூன்றாம் மாடியில் ஒருவர் கதவில் சாய்ந்து நின்றுகொண்டு, "அழிக்கிறேன். ஆனா சொல்லுங்க, அந்தப் பொண்ணுகிட்ட ஏன் அப்படிக் கத்துனீங்க?" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாயைத் திறந்தேன். அக்கா என் மணிக்கட்டை அழுத்திப் பிடித்தார்.

"கத்த வேண்டியிருந்துச்சு லா" என்றார். அவ்வளவுதான்.

இத்தனை கதவைத் தட்டியதால் அந்தப் படம் ஒழிந்துவிட்டது என்று சொல்ல முடியாது. பிறகும் எங்கிருந்தாவது மிதந்து வரும், அடங்கும். ஆனால் எங்கள் அடுக்குமாடியில் யாரும் அதை மறுபடி போடவில்லை. அக்கா மேலும் இரண்டு வருடம் அங்கேயே இருந்தார். மகளுக்கு வேலை கிடைத்ததும் அவளோடு போய்விட்டார். எந்த ஊர் என்று எனக்குத் தெரியும். இங்கே எழுதப் போவதில்லை.

அன்று கடைசியாகத் தட்டியது ஜெகன் வீட்டுக் கதவு. அதைத்தான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். அவன் அம்மா திறந்தார். ஜெகன் சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தான். அக்காவைப் பார்த்ததும் சோற்றுக் கையோடு எழுந்து நின்றுவிட்டான்.

"சோரி ஆன்ட்டி. சும்மா தமாசுக்குத்தான். இப்பவே அழிச்சிடறேன்."

"இரு" என்றார் அக்கா. "அழிக்கிறதுக்கு முன்னால எனக்கு ஒருவாட்டி போட்டுக் காட்டு."

ஜெகன் என்னைப் பார்த்தான். எனக்கும் விளங்கவில்லை.

"நான் அத முழுசா பாத்ததே இல்ல" என்றார். "முத சத்தம் வந்ததும் மூடிருவேன். பாப்பா என் பக்கத்துலதான் நின்னுச்சு. அதுல பாப்பா மூஞ்சியும் விழுந்திருக்குமோன்னு பாக்க பயம். இத்தன வருசமா அதே பயம். போடு."

அவன் கையைக் கழுவிவிட்டு வந்து போனை மேசையில் நிறுத்தி வைத்தான். அக்கா குனிந்து பார்த்தார். தன் குரலைக் கேட்டதும் தோள் ஒருமுறை தூக்கிப் போட்டது. ஆனால் கண்ணை எடுக்கவில்லை. முடிந்ததும் "இன்னொருவாட்டி" என்றார். இரண்டாம் தடவை ஓரத்தில் ஓர் இடத்தில் விரலை வைத்தார். அவர் தோள்பையின் வாரைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஒரு சின்னக் கை. மணிக்கட்டு வரைக்கும் வெள்ளைச் சீருடையின் கை. அதற்கு மேல் படத்துக்கு வெளியே.

"மூஞ்சி இல்ல" என்றார் அக்கா. யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. "பாப்பா மூஞ்சி இல்ல."

ஜெகனின் அம்மா ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். குடித்தார். "இப்ப அழி" என்று அவனிடம் சொன்னார். அவன் அழித்துவிட்டுப் போனை அவர் பக்கம் திருப்பிக் காட்டினான். தலையை ஆட்டினார்.

திரும்பி இறங்கும்போது பாதி மாடிப்படியில் கால் ஓய்ந்து உட்கார்ந்துவிட்டார். நானும் கீழ்ப்படியில் உட்கார்ந்தேன். நாள் முழுக்க நின்ற கால்கள் இருவருக்கும். அவர் மகளுக்குப் போன் அடித்தார்.

"பாப்பா, நான் எங்கயும் போகல. நீயும் ஒண்ணும் எழுதாத... பாத்துட்டேன் பாப்பா. முழுசா பாத்துட்டேன். நீ அதுல இல்ல. உன் கை மட்டும்தான் இருக்கு. என் பையப் புடிச்சு இழுக்குற."

மகள் என்ன சொன்னாள் என்று எனக்குக் கேட்கவில்லை. அக்கா கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு மெல்லச் சிரித்தார்.

"ஆமாம்மா. நீ அப்பவே வீட்டுக்குப் போலாம் வாங்கன்னுதான் இழுத்திருக்க. எனக்குத்தான் கேக்கல."